நான்கு மூலை மஞ்சள்

"நான்காம் டேபிள் செக்கர், நம்பர் பதினேழு, வேறு லாட் துணியை வேண்டுமென்றே கலக்கவிட்டிருக்கிறார். சாயப்பட்டறை ஆளோடு தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது. இன்றே வேலையிலிருந்து நிறுத்திவிடுவது நல்லது."

தேதி 11.8.2006, வெள்ளிக்கிழமை. கீழே என் கையெழுத்து. முதலாளிக்கு எழுதிய இந்தக் கடிதம் முதலாளியின் கைக்குப் போகவில்லை. இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் அனுபவம் கேட்டீர்கள். துணியின் எடை பார்ப்பது, சுருக்கம் பார்ப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அவற்றை விட்டுவிட்டு இந்த ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தேதி தவறாது.

அந்த வருடம் ஆடி மாதம் நல்லூரில் எங்கள் கம்பெனியில் கைக்குழந்தைச் சட்டை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறம் வெளிர் எலுமிச்சை. வெட்டி வந்த உடம்புத் துணியையும் கைத்துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே நிறம்தான் என்று உறுதிசெய்து, தன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டித் தையலுக்கு அனுப்புவது செக்கரின் வேலை. நம்பர் ஒட்டி வந்த கட்டைத் தைப்பவர்கள் கேள்வி கேட்பதில்லை. பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்குக் கேட்க நேரமும் கிடையாது.

ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, ஆர்டர் கொடுத்த பையரின் ஆய்வாளர் வந்தார். தையல் முடிந்த முதல் தொகுதியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு ஷட்டர் வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தார். உடம்பு எலுமிச்சை நிறம். கை கிட்டத்தட்டப் பால் வெள்ளை. அடுத்த சட்டையை எடுத்தார், அதுவும் அப்படியே. ஒரு பெட்டி நிறைய எடுத்து வைத்துவிட்டு ஸ்டிக்கர்களை மட்டும் எனக்குக் காட்டினார். எல்லாவற்றிலும் பதினேழு.

பதினேழாம் நம்பர் சண்முகத்தாய். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கணவரோடு வந்தவர், எங்களிடம் இரண்டு வருடமாக வேலை செய்தார். வேறு எந்தச் செக்கராக இருந்திருந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்திருக்காது, கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்திருப்பேன். ஆனால் சண்முகத்தாய் எங்கள் பிரிவிலேயே கூர்மையான கண் உள்ளவர். முந்தைய ஆர்டர் அரக்குச் சிவப்பு. அதில் இரண்டு சாய லாட்டுக்கு இடையே இருந்த மயிரிழை வித்தியாசத்தை, நிறம் பார்க்கும் லைட் பாக்ஸ் இல்லாமலே பிடித்துக் கொடுத்தார். அதற்காக நானே அவரை எல்லோர் முன்னாலும் பாராட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு எலுமிச்சைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? இந்தக் கேள்வியிலிருந்துதான் என் சந்தேகம் கிளம்பியது.

மறுநாள் வியாழக்கிழமை ஒரு பொறி வைத்தேன். இருபது ஜோடி எடுத்து, ஏழில் மட்டும் கையை மாற்றி, சாயம் குறைந்து வந்த வெளிர் லாட்டிலிருந்து வைத்தேன். மாற்றிய துண்டுகளின் உள்விளிம்பில் பென்சிலால் ஒரு புள்ளி. வழக்கமான கட்டோடு கட்டாக அவருடைய டேபிளுக்கு அனுப்பினேன். இருபதும் பதினேழாம் நம்பர் ஒட்டித் திரும்பி வந்தன.

அவரை அழைத்து, புள்ளி வைத்த ஒரு ஜோடியை லைட் பாக்ஸில் வைத்துக் காட்டி, இரண்டும் ஒன்றா என்று கேட்டேன்.

"ஒண்ணுதான சார்."

நாட்குறிப்பில் அன்று "கண் சிமிட்டாமல் சொன்னார்" என்று எழுதியிருக்கிறேன். பொய் சொல்வதற்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். கண் சிமிட்டியிருந்தால் அதையும் அடையாளமாகத்தான் எழுதியிருப்பேன்.

நம் தொழிலில் நிற வேலைக்கு வருகிற ஆண்களிடம் புள்ளிப் புத்தகத்தைக் காட்டுவோம். பல நிறப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கும், நிறக்குருடு உள்ளவருக்கு அது தெரியாது. பெண்களிடம் காட்டுவதில்லை. பெண்களுக்கு அந்தக் குறை வராது என்று எனக்கு வேலை கற்றுத் தந்தவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ. அதனால் சண்முகத்தாயிடம் அதுவரை யாரும் அந்தப் புத்தகத்தைக் காட்டியதில்லை. கேஸை முழுமையாக்கவேண்டும் என்பதற்காக அன்று காட்டினேன். ஒரு பக்கம் விடாமல் படித்தார். நான் தடுமாறுகிற பக்கத்தைக்கூடத் தடுமாறாமல் சொன்னார். கடைசியில் சிரித்துக்கொண்டே, "சின்னப் பிள்ளையளுக்குக் காட்டுத புஸ்தகம் மாதிரில்லா சார் இருக்கு" என்றார்.

ஆக, பார்வையில் குறை இல்லை. குறை இல்லாதவர் தவறாகச் சொன்னால் அது பொய். எனக்கு அவ்வளவு எளிதாக இருந்தது.

செக்கிங் சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி அன்று மாலை என் அறைக்கு வந்தார். எந்தக் கட்டு எந்த டேபிளுக்குப் போகவேண்டும் என்று சீட்டு எழுதுகிறவர் அவர்தான். கதவை லேசாகச் சாத்திவிட்டுச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். சாயப்பட்டறை வேன்காரன்கூட அந்தம்மா நின்னு பேசீட்டிருந்ததை நானே பாத்தனுங்க. ஒருக்கா இல்லீங்க."

இது போதும் என்று நினைத்தேன். வெளிர் லாட்டைத் திருப்பி அனுப்பினால் சாயப்பட்டறை மறுபடி சாயம் போட்டுத் தரவேண்டும். செக்கர் கண்ணை மூடிக்கொண்டால் அந்த வேலை மிச்சம். மறுநாள் காலை கடிதம் எழுதினேன்.

கடிதம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சண்முகத்தாயின் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் கம்பெனி இரண்டாம் மாடியில் டெய்லர். மாப்பிள்ளையின் அண்ணன் அதே மாடியில் தையல் வரிசையைக் குத்தகைக்கு எடுத்த லைன் கான்ட்ராக்டர். காசுக்குக் கை நீட்டினாள் என்ற பேரோடு ஒருத்தியை வெளியே அனுப்பினால், டீ வருவதற்குள் அடுத்த கம்பெனி கேட்டில் அந்தப் பேச்சு போய் நிற்கும். அவருக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடைக்காது. தங்கை கல்யாணமும் நிற்கும். தெரிந்துதான் எழுதினேன்.

அன்று ஆடி வெள்ளி. மூன்று மணி இருக்கும். முதலாளி வெளியே போயிருந்தார், அவர் வந்ததும் கொடுக்கலாம் என்று கடிதத்தை மேஜையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ஈஸ்வரமூர்த்தி எதிரே நின்றுகொண்டிருந்தார். அப்போது சண்முகத்தாய் தட்டில் வெற்றிலை பாக்கோடு கல்யாண அழைப்பிதழைக் கொண்டுவந்தார். முந்தைய நாள் விசாரணை அவருக்குச் சாதாரணச் சோதனையாகத்தான் தெரிந்திருந்தது போலும். தங்கை கல்யாணத்துக்கு நான் குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். அழைப்பிதழை வாங்கி, கையோடு வெயிட்டின் பக்கத்தில், அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தேன்.

வெள்ளை அட்டை. இடது மேல் மூலையில் மஞ்சள் கட்டை விரல் அகலத்துக்கு அப்பியிருந்தது, இரண்டு மூன்று தடவை தடவியதுபோல். மற்ற மூன்று மூலைகளில் ஒன்றில் மெல்லிய கோடு. இரண்டில் ஒன்றுமே இல்லை.

ஈஸ்வரமூர்த்தி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, ஒரு மூலைக்கே மஞ்ச தீந்து போச்சுங்களா? எனக்குக் குடுத்ததுலயும் இப்படித்தான இருந்துச்சு."

சண்முகத்தாய் அட்டையை எடுத்துத் திருப்பினார். ஒவ்வொரு மூலையாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு சொன்னார்:

"நாலு மூலையிலயும் வச்சேம்லா. காஞ்ச பொறவு யாருக்கு சார் தெரியும்?"

கேலிக்குப் பதில் சொல்கிற குரல்தான். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உடனே எனக்கு உண்மை விளங்கிவிட்டது என்று எழுத ஆசை. நாட்குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. முதலில் தோன்றியது இதுதான்: நேற்று மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து, இன்று மஞ்சள் தெரியாதவள்போல் நடிக்கிறாள், கெட்டிக்காரி. சந்தேகம் வந்துவிட்டால், எது கிடைத்தாலும் அதைத் தனக்குச் சாதகமாகத்தான் படித்துக்கொள்ளும். இதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தேதி பார்க்கிற பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. நடிப்பு என்றால் அது புதன்கிழமைக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கவேண்டும். குற்றம் வெளியே வந்ததே அன்றுதான். மஞ்சள் வைத்தது எப்போது? பதினெட்டாம் பெருக்கன்று, அதாவது மூன்றாம் தேதி, வீட்டில் வைத்து மொத்தமாகத் தடவியதாக அழைக்கும்போதே அவர் சொல்லியிருந்தார். அவர் வாய்ச்சொல் மட்டும் போதாது. செக்கிங் பெண்களுக்கு அழைப்பிதழ் எப்போது கொடுத்தார் என்று விசாரித்தேன். எல்லோரும் திங்கட்கிழமை, ஏழாம் தேதி என்றார்கள். அன்று மதியச் சாப்பாட்டின்போது ஒன்றாகக் கொடுத்ததால் யாருக்கும் குழப்பமில்லை. மண்டபத்தின் பேர் பார்க்கவேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி, டிபன் பையிலும் கைப்பையிலும் இருந்தவற்றை வாங்கினேன். ஒன்பது கிடைத்தன.

ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் நான்கு மூலையிலும் மஞ்சள். ஒன்றில் ஒரே மூலையில் மூன்று தடவல். ஒன்றில் எங்குமே இல்லை. ஒன்றில் மூலையை விட்டுத் தள்ளி, மாப்பிள்ளை பேருக்கு மேல். கொடுத்த பெண்களில் ஒருவர் சொன்னார்: "அன்னைக்கே நாங்கெல்லாம் சிரிச்சமுங்க சார். மோந்து பாத்துட்டு, இருக்குதில்லங்கறா."

திங்கட்கிழமை அவர்மீது யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. வராத குற்றச்சாட்டுக்கு யாரும் முன்கூட்டி நடிக்கமாட்டார்கள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாலையில் முதலாளி வந்து கேட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. "பையருக்கு ஒரு பேரு சொல்லோணுமுங்க. திங்கக்கெழமைக்குள்ள சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை சண்முகத்தாயையும் அவர் கணவரையும் கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். செக்கர்களுக்குக் கண் பரிசோதனை என்று மட்டும் சொல்லியிருந்தேன். நான் கொண்டுபோன புள்ளிப் புத்தகத்தை மருத்துவர் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இந்தப் புத்தகம் சிவப்பையும் பச்சையையும் பற்றி மட்டும்தான் கேட்கிறது, நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி இதில் இல்லை என்றார்.

பிறகு நிறம் பூசிய சின்ன மூடிகளை மேஜையில் கொட்டி, நிறம் படிப்படியாக மாறுகிற வரிசையில் அடுக்கச் சொன்னார். சண்முகத்தாய் வேகமாக அடுக்கினார். நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை போய் உட்கார்ந்தது. அடுக்கி முடித்துவிட்டு, சரிதானே என்பதுபோல் எங்களைப் பார்த்தார். மருத்துவர் இரண்டு கண்ணையும் தனித்தனியே சோதித்தார், உள்ளே விளக்கடித்துப் பார்த்தார், சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். பிற்காலத்தில் வந்த நோயாக இருந்தால் வேறு அறிகுறிகள் இருக்கும், ஒரு கண்ணில் கூடவும் ஒரு கண்ணில் குறையவும் இருக்கும் என்று விளக்கினார். அப்படி எதுவும் இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்.

"எங்கம்மையும் மோந்துதான் பாப்பா. எல்லாரும் அப்படித்தான்னு நெனச்சேன்."

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நிறம் பார்க்க நம் கண்ணில் மூன்று வகைச் செல்கள் இருக்கின்றன. நீலத்தை வாங்கும் வகை சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. மிகவும் அரிது. அவர்களுக்கு வெளிர் மஞ்சள் வெள்ளையில் கரைந்துவிடும், நீலமும் பச்சையும் குழம்பும். சிவப்பிலும் அரக்கிலும் ஒரு குறையும் இருக்காது. நாம் வழக்கமாகப் பேசும் சிவப்பு பச்சைக் குறை ஆண்களிடம்தான் அதிகம். இது அப்படி அல்ல, ஆண் பெண் இருவருக்கும் ஒன்றுபோல வரும். எனக்கு வேலை கற்றுத் தந்தவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முழுசாக நம்பித்தான் நான் ஒரு கடிதம் எழுதியிருந்தேன்.

மருத்துவர் சான்று எழுதிக் கொடுத்தார். நான் நிம்மதியாக வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது அவர்மீது என்ன சந்தேகம் இருந்தது, இந்தத் தாள் எப்படி அதைத் தீர்க்கிறது என்று இருவரிடமும் சொன்னேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சண்முகத்தாய் நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

"பொறவியிலயே கோளாறு, அம்மைக்கும் உண்டுன்னு எழுதியிருக்காவளே. இதையா சார் கம்பெனியில குடுக்கப் போறிய?"

"இது குடுத்தாத்தான் உங்க பேர் சுத்தமாகும்."

"எம் பேரு போனா என்னோட போவும். இது எந்தங்கச்சிக்கும் சேத்துல்லா போவும்."

குடும்பத்தில் பிறவிக் கண் குறை என்ற பேச்சு மாப்பிள்ளையின் அண்ணன் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்கவேயில்லை. ஒரு பொய்யிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அதே கல்யாணத்தை ஓர் உண்மையால் நிறுத்தப் போயிருக்கிறேன். தங்கைக்கும் இந்தக் குறை உண்டா என்று நான் கேட்கவில்லை. அது தரப் பிரிவின் வேலை அல்ல. சான்றை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். வேன்காரரைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் பக்கத்து ஊர்க்காரராம், ஊருக்குப் போகும்போது அழைப்பிதழ்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி அவரிடம் இவர் சொல்லியிருந்தாராம். அதைப் பிறகு வேன்காரரிடம் தனியாக விசாரித்தேன். ஒத்துப்போனது.

திங்கட்கிழமை, பதினான்காம் தேதி, முதலாளியிடம் அரைப் பக்க அறிக்கை கொடுத்தேன். நிற வேலைக்கு எடுத்த பெண்களைச் சோதிக்காமல் விட்டது தவறு, சிவப்பு பச்சைப் புத்தகத்தை மட்டும் நம்பியது தவறு, மஞ்சளும் நீலமும் வெள்ளையும் ஓடும் ஆர்டர்களுக்கு இது போதாது, வெளிர் லாட் முழுவதையும் சாயப்பட்டறைக்குத் திருப்பவேண்டும் என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"பேரு கேட்டனுங்க."

"அது என் பேருதானுங்க. சோதனை வச்சது நான்."

அவர் அறிக்கையை மடித்து வைத்தார். அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த ஆறு மாதம் என் கையெழுத்துக்கு மேல் வேறொருவர் கையெழுத்தும் வேண்டும் என்று உத்தரவு வந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

சண்முகத்தாயை அளவு பார்க்கும் டேபிளுக்கு மாற்றினேன். மாற்றியதற்குக் காரணம் எங்கும் எழுதவில்லை. கல்யாணம் ஆவணியில் நடந்தது. இந்த விவரங்களை நீங்கள் படிக்கும் இப்போதுகூட அவர் உண்மைப் பேரையும் ஊரையும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். சூப்பர்வைசர் பேரும் அப்படியே. தேதிகளை மட்டும் மாற்றவில்லை.

இதற்குப் பிறகு கண்ணைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தப் படிப்பு ஒருமுறை உதவியது. பேக்கிங்கில் ஓர் ஆள், யாரிடம் பேசினாலும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பார். கண்ணைப் பார்த்துப் பேசாதவன் கள்ளன் என்று வாட்ச்மேன் தினமும் அவரை மட்டும் நிறுத்திச் சோதிப்பார். கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு விழியும் ஓயாமல் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தன. பிறவியிலேயே அப்படி. முகத்தைத் திருப்பும்போது மட்டும் ஆட்டம் குறைந்து எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்றார். அவர் நம்மை நன்றாகப் பார்ப்பதற்காகத்தான் அப்படித் திரும்பினார். இந்த முறை நான் கடிதம் எழுதவில்லை.

முடிக்கும் முன் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

செப்டம்பரில் அந்த ஆர்டரின் கட்டுச் சீட்டுகளைக் கோத்து வைக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். முதலில் கட்டுகள் முறைவைத்து எல்லா டேபிள்களுக்கும் போயிருக்கின்றன. ஆகஸ்ட் நான்காம் தேதி வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து, வெளிர் லாட்டில் கை வெட்டிய கட்டு ஒவ்வொன்றும் நான்காம் டேபிளுக்கு மட்டுமே போயிருக்கிறது. ஒன்றுகூடத் தவறி வேறு டேபிளுக்குப் போகவில்லை. சீட்டெல்லாம் ஈஸ்வரமூர்த்தியின் கையெழுத்து. கேட்டேன். "அந்தம்மா கை வேகமுங்க சார், அவசரமுன்னு குடுத்தனுங்க" என்றார். வேகமான கை என்பது உண்மை. அவசரம் என்பதும் உண்மை. தீபாவளிக்குப் பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு அதே சாயப்பட்டறையில் சேர்ந்தார். இந்த ஊரில் ஆட்கள் இடம் மாறுவதும் வழக்கம்தான்.

"எனக்குக் குடுத்ததுலயும் இப்படித்தான இருந்துச்சு" என்று அன்று அவர் சிரித்தது எனக்கு மறக்கவில்லை. மஞ்சள் வைத்தது மூன்றாம் தேதி. மற்ற பெண்களுக்குக் கொடுத்தது ஏழாம் தேதி. ஈஸ்வரமூர்த்திக்குக் கொடுத்தது எப்போது? ஏழாம் தேதி என்றால் கட்டுகள் நான்காம் டேபிள் பக்கம் திரும்பியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான்காம் தேதி காலை என்றால், நாங்கள் யாரும் அறியாத ஒன்றை, சண்முகத்தாய்க்கு மஞ்சள் தெரியாது என்பதை, அவர் முதலில் அறிந்துகொண்டார் என்று ஆகும். கல்யாண வீட்டில் சண்முகத்தாயிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டிருந்தேன். "சூப்பர்வைசருக்குத்தான் மொதல்ல பத்திரிக்க வச்சேன் சார். வெள்ளிக்கெழமையா, திங்கக்கெழமையான்னு நெனப்பில்ல" என்று அவர் சொன்னது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஈஸ்வரமூர்த்தியைப் பற்றியும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன், அதற்குமேல் எழுதவில்லை. அந்தத் தாளும் பழைய கடிதத்தோடு பீரோவில் இருக்கிறது. அவருக்கு அழைப்பிதழ் கிடைத்த நாள் 4.8.2006-ஆ, 7.8.2006-ஆ என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.